சூடானதும் ஐடில் ஆடுகிற புரோபாக்ஸ்: த்ராட்டில் பாடி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெகுவிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. 2004 மாடல் டொயோட்டா புரோபாக்ஸ், 1500 சிசி. ரங்கூனில் சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) கிட் போட்டு டாக்சி ஓட்டியவரிடம் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது, அவர் கிட்டைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் வண்டியாகவே கொடுத்திருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை. சூடானபின் சிக்னலில் நின்றால் என்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் அணைந்துவிடும்போல் துடிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றுகிற எண்ணிக்கை) 600க்கும் 1100க்கும் நடுவில் ஆடியிருக்கிறது. அங்கே, என்ஜினுக்குப் போகிற காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேட்டரியையும் கழற்றி மாட்டினார்கள். அன்றிலிருந்து ஐடில், அதாவது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபின் என்ஜின் சும்மா ஓடுகிற வேகம், 1500க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. இப்போது த்ராட்டில் பாடியே போய்விட்டது, ஜப்பான் செகண்ட்ஹேண்ட் ஒன்று வாங்கி வாருங்கள் என்கிறார்களாம். வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. சூடானபின் ஆடியது பழைய கோளாறு. 1500இல் நிற்பது சுத்தம் செய்த பிறகு வந்த புதுக் கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் பழி முழுக்க த்ராட்டில் பாடி மேல் விழுந்திருக்கிறது. புதியதைச் சரிசெய்தபின்தான் பழையது வெளியே தெரியும், அதனால் அந்த வரிசையிலேயே போவோம்.

அதற்கு முன்னால் ஐடில் என்றால் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஒரு ஸ்குரூவைத் திருகினால் ஐடில் ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும், அவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஐடிலை வைத்திருப்பது கம்ப்யூட்டர். காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது. என்ஜின் அணையாமல் இருக்க எவ்வளவு காற்று வேண்டுமோ அதை மட்டும் கம்ப்யூட்டர் ஒரு சின்ன வால்வு வழியாகவோ, த்ராட்டில் தட்டை நூலிழை அளவு திறந்தோ உள்ளே விடுகிறது. உள்ளே வந்த காற்றை ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது, அதற்கேற்ப, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று இன்ஜெக்டர் தெளிக்கிறது. ஆர்பிஎம் இறங்கினால் காற்றைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். இது நொடிக்குப் பல தடவை நடக்கிற காரியம், நமக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் அறியாத காற்று ஏதாவது உள்ளே நுழைந்தாலோ, அதற்குப் போகிற தகவல் ஒன்று பொய்யாக இருந்தாலோதான் இந்தத் திருத்தம் அளவு மீறிப் போய், ஏற்றம் இறக்கமாக நம் காதில் விழுகிறது.

அதனால் நான் முதலில் கேட்பது என்ன பாகம் என்பதை அல்ல, என்ன தாளம் என்பதை. புரோபாக்ஸில் நிறைய வண்டிகளுக்கு ஆர்பிஎம் முள்ளே கிடையாது, காதுதான் முள். ஒரே சீராக, மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கினால் கம்ப்யூட்டர் எதையோ துரத்திக்கொண்டிருக்கிறது: காற்றுக் கசிவு, ஒட்டிக்கொண்ட ஐடில் வால்வு, கூலன்ட் குறைவு இந்த மாதிரி. தாளமே இல்லாமல் எப்போதாவது ஒரு உதறல், ஒரு தடுமாற்றம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியத் தவறுகிறது, அங்கே காற்றைத் தேடிப் பயனில்லை. சத்தம் ஒரே அளவாக இருந்து வண்டி மட்டும் குலுங்கினால் என்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள், அது ஐடில் கோளாறே இல்லை. ஏசி, ஹெட்லைட், ஸ்டியரிங் திருப்புதல் என்று சுமை ஏறும்போது மட்டும் விழுந்தால் அது வேறு கதை. 1000க்கும் 2000க்கும் நடுவில் பெரிய அலையாக, நின்ற இடத்தில் யாரோ ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடுகிற மாதிரி இருந்தால் காற்று மிக அதிகமாக உள்ளே போகிறது. கால் எடுத்திருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் அதிகமாக இருக்கிறது, ஆகவே வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுந்ததும் திரும்பத் தருகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி நிறுத்துகிறது.

சரி, இப்போது அந்த 1500.

த்ராட்டில் தட்டின் ஓரத்தில் வருஷக்கணக்கில் கார்பன் படிந்து காற்று போகிற இடுக்கு சுருங்கியிருக்கும். கம்ப்யூட்டர் அதற்குப் பழகி, வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றிருக்கும். சுத்தம் செய்ததும் இடுக்கு பெரிதாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றியதில் கற்றதும் மறந்துவிட்டது. அது திரும்பக் கற்க வேண்டும், அதற்கு அவகாசம் தரவில்லை என்றால் சில நாள் ஐடில் ஏறுமாறாகத்தான் இருக்கும். எல்லா விளக்கு, ஏசி, ஃபேனையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள், ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும்வரை அப்படியே விடுங்கள். அப்புறம் பத்து நிமிஷம் ஐடிலிலேயே. பிறகு ஏசி போட்டு இன்னொரு ஐந்து நிமிஷம். அதன்பின் ஊருக்குள் ஒரு சுற்று, நின்று நின்று போகிற மாதிரி. ஹோண்டா ஃபிட் வைத்திருப்பவர்களுக்கு முறை கொஞ்சம் வேறு: நியூட்ரலில் அல்லது பார்க்கில் 3000 ஆர்பிஎம்மில் ஃபேன் ஓடும்வரை பிடித்து, பிறகு காலை எடுத்து ஐந்து நிமிஷம் ஐடிலில் விட வேண்டும்.

இதற்குப் பிறகும் 1500 என்றால், பானட்டைத் திறந்து த்ராட்டிலுக்குக் கேபிள் வருகிறதா, இல்லை ஒயர் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். கேபிள் என்றால் அதில் இழுவை இல்லாமல் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும், கழற்றி மாட்டும்போது ஒரு மரை இறுக்கியிருந்தாலே தட்டு முழுதாக மூடாது. த்ராட்டில் பாடிக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் பழையதையே போட்டார்களா, அது மடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக, தட்டு வந்து மோதி நிற்கிற இடத்தில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், தொழிற்சாலையில் அளந்து வைத்தது. அதை யாராவது திருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஐடில் ஸ்குரூ என்று நினைத்து அதைத் திருகுவது நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் செலவு வைத்த தவறு. அதைத் திருகினால் த்ராட்டில் சென்சார் காட்டுகிற அளவு மாறுகிறது, கால் எடுத்தாகிவிட்டது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகிறது. கேபிள் இல்லாத மாடலில் சாவி போட்ட நிலையில் தட்டை விரலால் தள்ளவே கூடாது, உள்ளே மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கிறது, விரலும் நசுங்கும். ஐடில் வால்வின் ஒயர் பக்கம் கிளீனர் ஸ்பிரேயைப் பாய்ச்சினாலும் உள்ளே இருக்கிற சுருள் கெட்டுவிடும்.

பேட்டரி பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். கரண்ட் போகிற நாட்களில் இங்கே கார் பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போய் லைட் எரிய வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை ஐடில் சரியில்லை என்று என்னிடம் வந்துகொண்டிருந்தார். நான் வால்வைச் சுத்தம் செய்தேன், சென்சாரைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவைதான் பேட்டரி டெர்மினலில் புதிதாக ஸ்பேனர் பட்ட தழும்பு கண்ணில் பட்டது. ஒவ்வொரு ராத்திரியும் கழற்றி, காலையில் பாதி சார்ஜோடு மாட்டினால் கம்ப்யூட்டர் எதைக் கற்கும்? வீட்டுக்குத் தனி பேட்டரி வாங்கியதோடு அந்தக் கோளாறு போயிற்று.

இனி பழைய கோளாறு. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் ஆடுகிறது என்பதுதான் நீங்கள் சொன்னதிலேயே மதிப்புள்ள விஷயம். குளிரில் கம்ப்யூட்டர் பெட்ரோலை வேண்டுமென்றே தாராளமாகக் கொடுக்கிறது, ஐடிலையும் உயர்த்தி வைக்கிறது. அப்போது கொஞ்சம் கள்ளக் காற்று நுழைந்தாலும் தெரியாது. சூடானபின் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் துல்லியமாக அளந்து கொடுக்கத் தொடங்கும்போதுதான் அந்தக் காற்று வெளிப்படுகிறது. அத்தோடு வண்டி முன்னால் சிஎன்ஜி டாக்சி. என் சந்தேகம் நேராக அங்கேதான் போகிறது.

சிஎன்ஜி கிட் போடும்போது கேஸைக் காற்றோடு கலக்கிற மிக்ஸரைக் காற்றுக் குழாயில் செருகுவார்கள், அல்லது மேனிஃபோல்டில் ஓட்டை போட்டுக் குழாய் முனை வைப்பார்கள். கேஸ் அழுத்தத்தைக் குறைக்கிற ரெடியூசருக்கு ஒரு வேக்குவம் ஹோஸும் மேனிஃபோல்டிலிருந்து இழுப்பார்கள். விற்கும்போது கிட்டைக் கழற்றுகிறவர்கள் இந்த ஓட்டைகளை ரப்பர் மூடி, டேப், எம்-சீல் என்று கையில் கிடைத்ததை வைத்து அடைக்கிறார்கள். ரங்கூன் வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் ரப்பர் இரண்டு வருஷத்தில் வெடித்துவிடும், சூடானதும் வெடிப்பு விரியும். ஏர் ஃப்ளோ சென்சாரிலிருந்து த்ராட்டில் வரை போகிற அந்தக் கறுப்பு ரப்பர் குழாயைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்து, கீழ்ப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் வரும். மேனிஃபோல்டைச் சுற்றி, டொயோட்டா வைக்காத முனை ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று: என்ஜின் சூடாகி ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக அழுத்தி மூடுங்கள். பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேர்கிற ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுப்பது), பெட்ரோல் ஆவி வருகிற ஹோஸ், பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்கு பலம் சேர்ப்பது) ஹோஸ். எதை அழுத்தும்போது ஆட்டம் நிற்கிறதோ, கோளாறு அந்த வழியில். பிசிவி ஹோஸை அழுத்தினால் கொஞ்சம் மாறுவது இயல்பு, முழுக்க அமைதியாகிவிட்டால்தான் அந்த வால்வைச் சந்தேகிக்க வேண்டும், கழற்றிக் குலுக்கினால் அது கலகலவென்று ஆட வேண்டும். ஆவி வால்வை என்ஜின் அணைத்தபின் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகக் கூடாது. பிரேக்கை மிதித்தால் ஐடில் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். பூஸ்டர் கசிந்தால் அது ஐடில் கோளாறு மட்டும் இல்லை, பிரேக் கோளாறு, அன்றே பார்க்க வேண்டியது.

கார்ப் கிளீனரை அடித்துக் கசிவு கண்டுபிடிக்கிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தம்பி, செய்யாதீர்கள். சிலர் ஊதுபத்தி கொளுத்தி அந்தப் புகை எங்கே இழுக்கப்படுகிறது என்று பார்ப்பார்கள். புகை உண்மையிலேயே வழி காட்டும், ஆனால் பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் கங்கு. பூந்தொட்டிக்கு அடிக்கிற பம்ப்பில் தண்ணீர் எடுத்து, ஒயர் கனெக்டர்களைத் தவிர்த்து, மேனிஃபோல்டு இணைப்புகளில் மெல்ல அடித்தாலே போதும். கசிவில் தண்ணீர் பட்டால் ஒரு நொடி ஓட்டை அடைபட்டு என்ஜின் சத்தம் மாறும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்களே, கோளாறு கோட் வருகிறதா என்று பார்த்ததோடு விட்டிருப்பார்கள். ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு எண் வரும், ஷார்ட், லாங். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. இரண்டையும் கூட்டுங்கள். பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் கூட்டல் 20, 25 என்று காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் 5க்கு அருகே இறங்கினால் அது காற்றுக் கசிவு, வேறு ஒன்றும் இல்லை. காரணம் எளிது: ஐடிலில் உள்ளே வருகிற மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் கசிவு பெரும் பங்கு. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று பல மடங்கு, கசிவு அதே அளவு. மாறாக, ஐடிலில் பரவாயில்லை, வேகத்தில் ட்ரிம் ஏறுகிறது என்றால் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கு, அல்லது பெட்ரோல் பம்ப் பலவீனம். இந்த என்ஜினுக்குச் சூட்டு ஐடிலில் காற்று நொடிக்கு 2 கிராம் அளவில் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண மலிவு ஸ்கேனர் அந்தக் காலத்து ஜப்பான் உள்நாட்டு வண்டிகளோடு பல நேரம் பேசாது, அதனால் டொயோட்டாவுக்கென்று இருக்கிற ஸ்கேனராகக் கேளுங்கள்.

இதைப் படிக்கிற வேகன்ஆர், ஃபிட் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து ஓடுகிற என்ஜினில் கணக்கு வேறு. அங்கே கசிகிற காற்றையும் சென்சார் உணர்ந்துவிடும், பெட்ரோலும் சேர்ந்து போகும், ஆகவே ஆட்டத்தை விட ஐடில் உயர்ந்து நிற்பதுதான் அறிகுறி. ரங்கூன், பெகு போல் கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் நல்ல என்ஜின் சூட்டு ஐடிலில், மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கிற வேக்குவம் கேஜில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். தவுங்ஜி மாதிரி 1400 மீட்டர் உயரத்தில் நாலைந்து அங்குலம் குறைந்தால் அது மலை செய்கிற வேலை, கசிவு என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

கூலன்ட்டைப் பார்த்தீர்களா? இங்கே ஓவர்ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்று, சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன, டாக்சிகளில் இன்னும் அதிகம். உங்கள் என்ஜினில் அது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்க வேண்டும். அது இல்லையென்றால் நெடுஞ்சாலையில் போகும்போது என்ஜின் 60 டிகிரியிலேயே கிடக்கும், கம்ப்யூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றும், ஐடிலையும் ஏற்றி வைக்கும். உங்கள் 1500க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஸ்கேனரில் கூலன்ட் சூட்டை ஒரு தடவை பாருங்கள். தண்ணீர் குறைந்து சென்சார் முனையில் காற்றுக்குமிழ் நின்றாலும் அது காட்டுகிற சூடு தாவும், ஐடிலும் கூடவே தாவும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த என்ஜினில் மட்டும் திறந்து பாருங்கள்.

ஏசி போட்டால் விழுவதற்கு வால்வு ஒட்டிக்கொண்டிருப்பதும் காரணமாகலாம், மின்சாரமும் காரணமாகலாம். ஐடிலில் ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டுப் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஆல்டர்னேட்டர், பெல்ட், எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள்.

இதெல்லாம் சுத்தம், ட்ரிம்மும் நல்லது, ஆனாலும் சூட்டில் உதறுகிறது என்றால் பிளக், பிளக்குக்கு மின்பொறி தருகிற காயில் இரண்டையும் பாருங்கள். இந்த என்ஜினில் சிலிண்டருக்கு ஒரு காயில். சந்தேகப்படுகிற காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது போதும். மழைக்காலத்தில் சாலையோரம் பாட்டிலில் விற்கிற பெட்ரோல் அடித்த பிறகு தொடங்கியிருந்தால் அதில் தண்ணீர் இருக்கும், டேங்கை இறக்காமல் வேறு எதைச் செய்தும் பலன் இல்லை. என்ஜின் ஆயிலையும் பாருங்கள். இது வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றுகிற என்ஜின், அழுக்கு ஆயிலில் அந்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒட்டிக்கொண்டால் ஐடிலில் என்ஜின் தடுமாறி அணையும்.

கடைசியாக ஒன்று, டாக்சி வண்டி என்பதால் சொல்கிறேன். கேஸில் பல வருஷம் ஓடிய என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற இடம் தேய்ந்து, வால்வு மெல்ல மேலேறும். இந்த என்ஜினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிற ஹைட்ராலிக் ஏற்பாடு இல்லை, ஆகவே இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். குளிரில் எப்படியோ மூடும், சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போகும், ஐடில் கெடும். நீங்கள் சொன்ன அறிகுறியோடு இதுவும் பொருந்துகிறது. மேல் மூடியைக் கழற்றி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்: இன்டேக் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.35. எக்ஸாஸ்டில் ஒன்று 0.10 என்று வந்தாலே விடை கிடைத்துவிட்டது. இதில் இடைவெளியைச் சரிசெய்கிற தகடான ஷிம் கிடையாது, வால்வின் தலையில் உட்காருகிற பக்கெட்டையே சரியான தடிமனில் தேர்ந்து மாற்ற வேண்டும், அதற்குக் கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், டைமிங் செயினைக் கையாளத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அளப்பதற்கு அவ்வளவு தேவையில்லை, அரை நாள் போதும். பதினாறு வால்வுகளின் இடைவெளி எண்களையும், ஐடிலிலும் 2500இலும் எடுத்த ட்ரிம்மையும், கூலன்ட் சூட்டையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை த்ராட்டில் பாடிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.